உறவினர் யாரும் இல்லை

மூக்குக்கண்ணாடியின் காலை இணைக்கும் திருகாணி எள்ளைவிடக் கொஞ்சம்தான் பெரியது. கீழே விழுந்தால் கடை முழுவதும் தவழ்ந்து தேட வேண்டும். கண்ணாடிக்கடை அக்கா அன்று காலை அதைத் தவறவிடாமல் முடுக்கி, துணியால் துடைத்து, எதிரே உட்கார்ந்திருந்த ஓய்வுபெற்ற தபால்காரருக்கு மாட்டிவிட்டார்.

"எப்படி இருக்கு ஐயா?"

அவர் சுவரில் இருந்த எழுத்துப் பலகையைக் கடைசி வரி வரைக்கும் படித்தார். பிறகு நிலைக்கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துத் திடுக்கிட்டார். "எழுத்தெல்லாம் நல்லாத் தெரியுதும்மா. என் மூஞ்சிதான் இவ்வளவு தெளிவாத் தெரிஞ்சிருக்க வேணாம்."

அக்கா வாய்விட்டுச் சிரித்தார். சிரிப்பு அடங்கும் முன் மேசை மேலிருந்த கைப்பேசி அதிர்ந்தது. தங்கை.

தங்கைக்கு நாற்பது வயது. ஆனாலும் வீட்டில் அவள் பாப்பாதான். அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபோது அவள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். புதிதாகக் கல்யாணமான அக்கா அவளையும் கையில் பிடித்துக்கொண்டுதான் புகுந்த வீட்டுக்குள் நுழைந்தார். அக்காவின் கணவர் பஸ் டிரைவர். "டிக்கெட் ஒருத்திக்குத்தான் எடுத்தேன், ரெண்டு பேர் வந்து இறங்கினாங்க" என்று ஊரெல்லாம் கேலி பேசினாரே தவிர, ஒரு நாளும் அவளிடம் முகம் சுளித்ததில்லை. அவர்களுக்குப் பிள்ளை பிறக்கவில்லை. அந்த இடத்தில் பாப்பாவே வளர்ந்தாள், நர்ஸ் படிப்பு படித்தாள், வெளிநாட்டில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்துப் பறந்து போனாள். கல்யாணம் வேண்டாம் என்றுவிட்டாள். அங்கே ஓர் அறை, ஒரு சன்னல், ஓயாத வேலை.

"அக்கா, கடையில யாராவது இருக்காங்களா?"

"சொல்லு பாப்பா. என்ன குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"வயித்துல கட்டின்னு சொன்னேன்ல. அது சாதாரணக் கட்டி இல்லையாம்."

அக்காவின் கையிலிருந்த துணி கீழே விழுந்தது. பாப்பா நர்ஸ் அல்லவா, எல்லாவற்றையும் வரிசையாக விளக்கினாள். அறுவை சிகிச்சைக்குத் தேதி கொடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு மருந்து ஏற்ற வேண்டும். யாரோ ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்வதுபோல நிதானமாகச் சொல்லி முடித்தாள். பிறகு சட்டென்று குழந்தையாகிவிட்டாள்.

"எனக்குப் பயமா இருக்குக்கா. நீ வரியா? ஒண்ணும் செய்ய வேணாம். சும்மா பக்கத்துல உட்கார்ந்திரு, போதும்."

"இதென்னடி கேள்வி? வராம இருப்பேனா?"

"சுற்றுலா விசா வாங்கினா போதும். சொந்தக்காரங்களைப் பாக்க வர்றதும் அதுலதான் வரும். நான் கூப்பிடறதா கடிதம் எழுதி அனுப்பறேன், ஆஸ்பத்திரியிலயும் கேட்டு வாங்கறேன். நீ உள்ளதை உள்ளபடி எழுதிடுக்கா. வேற யார் பேச்சையும் கேக்காத."

அக்கா கேட்டுக்கொண்டார். சொன்னபடி செய்திருந்தால் இந்தக் கதைக்கு வேலையே இல்லை.

பஸ் டிரைவருக்குச் சின்னவள் என்றால் உயிர். செய்தி கேட்டதும் சாப்பிட்ட தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். மறுநாள் பணிமனையில் பார்த்தவர்களிடமெல்லாம் விசாரித்தார். ஆளுக்கொரு கதை சொன்னார்கள். ஒரு வாத்தியார், தன் மகளைப் பார்க்கப் போகிறேன் என்று உண்மையைச் சொல்லி எழுதினாராம், இரண்டு தடவை மறுத்துவிட்டார்களாம். இன்னொருவர் யாரும் இல்லை என்று எழுதிப் போட்டாராம், கேட்ட வேகத்தில் கிடைத்துவிட்டதாம். "அங்க சொந்தம் இருக்குன்னா திரும்பி வர மாட்டான்னு நினைப்பாங்க அண்ணே" என்றான் ஒரு நடத்துனன். டிரைவர் அறுவை சிகிச்சைக்கு இருந்த நாட்களை விரல் விட்டு எண்ணினார். மறுத்துவிட்டால் மறுபடி எழுத எங்கே நேரம்?

அப்படித்தான் இருவரும் டிராவல்ஸ்காரரின் மாடிப்படி ஏறினார்கள். சிறிய அறை. சுவரெல்லாம் பனிமலைப் படங்கள். கஞ்சி போட்ட சட்டை, கனிந்த பேச்சு. பாப்பாவின் கடிதத்தையும் ஆஸ்பத்திரிக் கடிதத்தையும் அவர் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"இதெல்லாம் பத்திரமா வீட்டுல வைங்கம்மா. இங்க வேணாம்."

"என் தங்கச்சியே அனுப்பியிருக்காளே சார்?"

"அதனாலதான் வேணாங்கறேன். ஆஸ்பத்திரின்னா யார் செலவு பண்ணுவான்னு கேப்பான். தங்கச்சின்னா அங்கயே தங்கிடுவீங்கன்னு சந்தேகப்படுவான். ஊர் சுத்திப் பாக்கப் போறீங்க. ஹோட்டல்ல தங்கறீங்க. அறை பதிவு பண்ணின சீட்டு நான் தரேன், விசா வந்ததும் அதை ரத்து பண்ணிக்கலாம். அவ்வளவுதான்."

அவர் விண்ணப்பத்தைக் கணினியில் நிரப்பிக்கொண்டே போனார். ஓரிடத்தில் நின்றார். 'இந்த நாட்டில் உங்களுக்கு உறவினர் யாரேனும் இருக்கிறார்களா?'

"இல்லைன்னு போட்டுடறேன்."

"அய்யோ, அதெப்படி?" என்றார் அக்கா. "கூடப் பொறந்தவளை இல்லைன்னு எழுதறதா?"

"காகிதத்துலதானம்மா இல்ல. போய் இறங்கினதும் கட்டிப் பிடிச்சுக்குங்க, யார் வேணாங்கறா?"

அக்கா கணவரைப் பார்த்தார். அவர் தரையைப் பார்த்தார். "இப்பப் போய்ச் சேரணும்ல. ஒரு சின்ன வார்த்தைதானே" என்றார் மெதுவாக. அச்சிட்ட தாளை டிராவல்ஸ்காரர் நீட்ட, அக்கா கையெழுத்துப் போட்டார்.

விசா வந்தது. டிரைவர் பணிமனையில் எல்லாருக்கும் இனிப்பு வாங்கிக் கொடுத்தார். பாப்பா தொலைபேசியில் கேட்டாள்: "நான் சொன்ன மாதிரிதானே எழுதின?"

"ஆமாம் பாப்பா. எல்லாம் நீ சொன்ன மாதிரிதான்."

நோயில் கிடப்பவளை எதற்குக் கலங்கடிக்க வேண்டும் என்று அக்கா நினைத்தார். ஒரு பொய்யைக் காப்பாற்ற இன்னொரு பொய் வேண்டியிருந்தது. அது முதல் பொய்யைவிடச் சுலபமாகவே வாயில் வந்தது.

புறப்படுவதற்கு முன் வீட்டில் ஒத்திகை நடந்தது. டிரைவர் சாப்பாட்டு மேசைக்கு அந்தப் பக்கம் விறைப்பாக உட்கார்ந்து அதிகாரி ஆனார்.

"எதுக்கு வந்தீங்க?"

"ஊர் சுத்திப் பாக்க."

"எங்க தங்குவீங்க?"

"ஹோட்டல்ல."

"என்னெல்லாம் பாக்கப் போறீங்க?"

"மலை, அருங்காட்சியகம், அப்புறம்... அந்த இன்னொண்ணு."

"அந்த இன்னொண்ணை அங்க போய்ச் சொன்னா பிடிச்சு உள்ள போட்டுடுவான்டி. கோட்டைன்னு சொல்லு."

இருவரும் சிரித்தார்கள். அடுத்த கேள்விக்கு மட்டும் அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. "இங்க சொந்தக்காரங்க யாராவது இருக்காங்களா?" என்று டிரைவர் கேட்கும்போதெல்லாம் அக்கா மேசையைத் துடைக்க எழுந்துவிடுவார். "சட்டுன்னு சொல்லணும். யோசிச்சா மாட்டிக்குவ" என்று அவர் சொல்லிச் சொல்லிப் பழக்கினார். கடைசியில் அக்கா யோசிக்காமல் சொல்லக் கற்றுக்கொண்டார்.

பாப்பாவிடம், "நீ விமான நிலையத்துக்கெல்லாம் அலையாத, நான் வாடகைக் கார் பிடிச்சு வந்துடறேன்" என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். பாப்பா சரி என்றாள்.

விமானம் இறங்கியதும் அக்கா மற்றவர்களோடு வரிசையில் நின்றார். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த இளம் அதிகாரி கடவுச்சீட்டைப் புரட்டினான். விசா இருந்தால் கதவு திறந்துவிடும் என்றுதான் அக்கா நினைத்திருந்தார். விசா என்பது வாசல் வரை வருவதற்கான அனுமதிதான், உள்ளே விடுவதா வேண்டாமா என்பதை வாசலில் இருப்பவர் மறுபடி கேட்டுத்தான் முடிவு செய்வார் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அவன் ஏதோ கேட்டான். அக்கா ஹோட்டல் சீட்டை நீட்டினார். அவன் தொலைபேசியை எடுத்து அந்த ஹோட்டலில் விசாரித்தான். பிறகு மரியாதையாக எழுந்து, ஓர் அறையைக் காட்டினான்.

அறையில் ஒரு மேசை, மூன்று நாற்காலிகள், தண்ணீர்க் குவளை. கொஞ்ச நேரத்தில் நடுத்தர வயதுப் பெண் அதிகாரி ஒருவரும், மொழிபெயர்க்க ஒரு பெண்ணும் வந்தார்கள். மொழிபெயர்க்க வந்தவள் தமிழில் பேசியதும் அக்காவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"பயப்படாதீங்கம்மா. கேக்கறதுக்கு உண்மையைச் சொல்லுங்க. இந்த ஹோட்டல்ல உங்க பேர்ல அறையே இல்லைங்கறாங்க. எங்க தங்கப் போறீங்க?"

"வேற ஹோட்டல் பாத்துக்குவேன்."

"இந்த ஊர்ல உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராவது?"

"இல்லை."

"சொந்தக்காரங்க? அண்ணன், தம்பி, அக்கா, தங்கச்சி?"

பழக்கிய வாய் முந்திக்கொண்டது. "தங்கச்சியெல்லாம் யாரும் இல்லை."

மொழிபெயர்ப்பவள் அதை அதிகாரியிடம் சொன்னாள். அதிகாரி எழுதிக்கொண்டார். அப்போது கதவைத் தட்டி, அந்த இளம் அதிகாரி உள்ளே தலை நீட்டி ஏதோ சொல்லிவிட்டுப் போனான். மொழிபெயர்ப்பவளின் முகம் மாறியது. அவள் அக்காவை நேராகப் பார்க்க முடியாமல் தண்ணீர்க் குவளையைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"வெளியில விசாரிக்கிற இடத்துல ஒருத்தங்க நிக்கிறாங்களாம். வயித்தைப் பிடிச்சுக்கிட்டு இருக்காங்க, நிக்கவே முடியலையாம். உங்க பேரைச் சொல்லி, எங்க அக்கா இந்த விமானத்துல வந்தாங்க, எல்லாரும் வந்துட்டாங்க, அவங்களை மட்டும் காணோம், கொஞ்சம் பாருங்கன்னு கேக்கறாங்களாம்."

வர வேண்டாம் என்றதற்குச் சரி என்று சொல்லிவிட்டு, அக்காவை ஆச்சரியப்படுத்த வந்து நின்றிருந்தாள் பாப்பா. அக்கா வழி தெரியாமல் தவிப்பாரோ என்று பயந்து, தெரிந்ததையெல்லாம் அதிகாரியிடம் சொல்லியிருந்தாள்.

"என் தங்கச்சிதான்" என்றார் அக்கா. நாற்காலியிலிருந்து சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். "என் தங்கச்சிம்மா. நான் வளர்த்த பொண்ணு. அவளுக்கு ஆபரேஷன். என்னை விடுங்க, ஒரே ஒரு தடவை தொட்டுப் பாத்துட்டு அடுத்த விமானத்துலயே போயிடறேன்."

பெண் அதிகாரி கல்நெஞ்சக்காரர் இல்லை. அவரே குனிந்து அக்காவைத் தூக்கி உட்கார வைத்தார். ஆனால் விண்ணப்பத்தில் ஒரு பொய், மேசையில் ஒரு பொய். அவர் சொன்னதை மொழிபெயர்ப்பவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "இப்ப நீங்க சொல்றது உண்மைன்னு அவங்களுக்கே தோணுதாம். ஆனா உங்களை நம்ப அவங்ககிட்ட எதுவும் மிச்சம் இல்லையாம்." பிறகு தன் சொந்தக் குரலில் சேர்த்தாள்: "தங்கச்சிக்கு ஆபரேஷன்னு முதல்லயே எழுதியிருக்கலாமேம்மா. கிடைச்சிருக்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா கேட்டிருக்கலாம்."

திருப்பி அனுப்பும் முன் தொலைபேசியில் பேச அனுமதித்தார்கள். இருவருக்கும் நடுவில் சில சுவர்கள்தான் இருந்தன.

"அக்கா, எங்க இருக்க? என்னாச்சு?"

"என்னைத் திருப்பி அனுப்பறாங்க பாப்பா."

பாப்பாவின் குரல் மெலிந்தது. "எனக்குத் தங்கச்சி இல்லைன்னு சொன்னியாமே. நிஜமாவாக்கா?"

அக்கா தொலைபேசியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதார்.

ஊர் திரும்பியபோது டிரைவர் வாசலிலேயே நின்றிருந்தார். அக்கா உள்ளே போய்ப் படுத்தார். டிரைவர் நேராக டிராவல்ஸ்காரரின் மாடிக்கு ஏறினார். சண்டை போடத்தான் போனார். டிராவல்ஸ்காரரோ குரலைக்கூட உயர்த்தவில்லை.

"எழுதினது நான்தான் சார். கையெழுத்து யாருது? உங்க வீட்டம்மாது. 'மேலே சொன்னதெல்லாம் உண்மை'ன்னு ஒரு வரி இருக்கே, அதுக்குக் கீழதான் போட்டிருக்காங்க."

டிரைவர் படியிறங்கி வந்து, நடைபாதையில் உட்கார்ந்து, போகிறவர் வருகிறவர் பார்க்க அழுதார்.

இந்த முறை உண்மையை மட்டும் எழுதி விண்ணப்பித்தார்கள். பாப்பாவின் கடிதம், டாக்டரின் கடிதம், நடந்த தவறுக்கு மன்னிப்பு, எல்லாம் வைத்தார்கள். பதில் சுருக்கமாக வந்தது. முன்பு தவறான தகவல் தந்திருப்பதால் இன்னும் பல ஆண்டுகளுக்கு அனுமதி இல்லை. டிரைவர் தனக்கென்று தனியாக எழுதிப் பார்த்தார். அதே வீடு, அதே குடும்பம்; அவருக்கும் இல்லை என்றார்கள்.

இதற்கிடையில் பாப்பாவின் அறுவை சிகிச்சை நடந்தது. அக்கா கண்ணாடிக் கடையில் உட்கார்ந்து கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருந்தார். நல்லபடியாக முடிந்தது என்று அவளோடு வேலை செய்யும் தோழி சொன்னாள். கொஞ்ச நாள் நம்பிக்கை இருந்தது. பிறகு நோய் வேறு இடத்தில் தலைகாட்டியது. பாப்பா மெலிந்துகொண்டே போனாள். தினமும் கைப்பேசித் திரையில் இருவரும் பார்த்துக்கொண்டார்கள். சில நாள் பேச்சே இருக்காது. அக்கா காய் நறுக்குவார், பாப்பா அதைப் பார்த்துக்கொண்டே தூங்கிப்போவாள்.

ஒரு மதியம் பாப்பா கேட்டாள். "அக்கா, ஒண்ணு கேக்கணும். மறைக்காம சொல்லு."

"கேளு."

"அன்னைக்கு நான் போய் விசாரிக்காம பேசாம நின்னிருந்தா, உன்னை விட்டிருப்பாங்கல்ல? நான் அவசரப்பட்டுக் கெடுத்துட்டேன்ல?"

அக்கா கத்தியைக் கீழே வைத்தார். இத்தனை நாளும் இந்தக் கேள்வியைத்தான் அந்தப் பெண் வலியோடு வலியாகச் சுமந்துகொண்டு படுத்திருக்கிறாள்.

"இல்லடி கண்ணு. அப்படி நினைக்காத. நீ உள்ளதைத்தான் சொன்ன. பொய் சொன்னது நான்."

"நான் வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கணும்" என்றாள் பாப்பா. அவள் சமாதானமாகவில்லை. அக்கா எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தார். உண்மையைச் சொன்னதற்காகத் தன்னைத்தானே நொந்துகொண்டபடியே அவள் தூங்கிப்போனாள். அதற்குப் பிறகு அவள் அதிகம் பேசவில்லை. இரண்டு வாரத்துக்குள் போய்விட்டாள்.

அடக்கத்தைத் தோழி கைப்பேசியில் காட்டினாள். படம் அடிக்கடி உறைந்து நின்றது. மழை பெய்துகொண்டிருந்தது. முதியோர் இல்லத்திலிருந்து சிலர் சக்கர நாற்காலியில் வந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் பெட்டியின் மேல் கை வைத்துத் தடவிக் கொடுத்தார். தான் தொட வேண்டிய இடத்தில் யாரோ தொடுவதை அக்கா திரையில் பார்த்தார். டிரைவரால் பார்க்க முடியவில்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றார்.

மாதங்கள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, டிரைவரோடு வேலை பார்க்கும் ஒரு வயதான நடத்துனர் மனைவியோடு வீட்டுக்கு வந்தார். அவர்களுடைய மகன் அதே நாட்டில் இருக்கிறான். பேரன் பிறந்திருக்கிறான், பார்க்கப் போக வேண்டும். நடத்துனர் சங்கடத்தோடு பேச்செடுத்தார்.

"தப்பா நினைக்காதீங்க. என்ன இருந்தாலும் உங்களுக்கு விசா உடனே வந்துச்சே. அந்த டிராவல்ஸ்காரர் நம்பர் வேணும். நாங்க கவனமா பேசிக்குவோம். மகன் இருக்கான்னு சொல்லாம இருந்தா போதும்னு சொல்றாங்க."

டிரைவர் தலையைக் குனிந்துகொண்டார். உள்ளேயிருந்து தேநீர் கொண்டுவந்த அக்கா, குவளைகளை மேசையில் வைத்துவிட்டு அந்த அம்மாளின் எதிரில் உட்கார்ந்தார்.

"கவனமாத்தான் நானும் பேசினேன்மா. நல்லாப் பழகிட்டுப் போனேன். தங்கச்சி இல்லைன்னு எழுதினேன், தங்கச்சி இல்லைன்னு சொன்னேன். இப்ப நிஜமாவே இல்லை."

அந்த அம்மாள் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். நடத்துனர் தேநீரைத் தொடவில்லை.

"உண்மையைச் சொல்லி விசா தரலைன்னா, அழுதுட்டு மறுபடி எழுதலாம், கதவு மூடியிருக்குமே தவிர, தட்டறதுக்குக் கை இருக்கும். பொய் சொல்லி மாட்டிக்கிட்டா, அப்புறம் உண்மையைச் சொன்னாலும் ஒருத்தரும் நம்ப மாட்டாங்க. எங்களுக்கு நாங்க சொன்ன பொய்யைவிட, அதுக்கப்புறம் உண்மை செல்லாமப் போனதுதான் பெரிய தண்டனை. புரோக்கர் எழுதுவான், மாட்டினா விலகிக்குவான். பிரிஞ்சு நிக்கறது நாமதான்."

"அப்ப நாங்க என்னதாம்மா எழுதறது?" என்று நடத்துனர் தழுதழுத்த குரலில் கேட்டார். "மகன்னு சொன்னா தரலைன்னா?"

"தரலைன்னா உங்க மகன் லீவு கிடைக்கறப்ப பிள்ளையைத் தூக்கிக்கிட்டு இங்க வருவான். அதுக்காகப் பெத்த பிள்ளையை இல்லைன்னு எழுதிடாதீங்க ஐயா. உறவினர் யாராவது இருக்காங்களான்னு அதுல கேப்பாங்க. இருக்கான்னு எழுதுங்க. அவன் பேரை முழுசா எழுதுங்க."